நூறு சதவீத அணுகல்

உலகக் கல்வி வரலாற்றை எழுத வருகிறவர்கள் அதை இரண்டு பாகமாகப் பிரித்துக்கொள்வது நல்லது: அந்த மேல்நிலைப் பள்ளி கண்ணாடி அலமாரி வாங்குவதற்கு முன், வாங்கிய பின். அதற்கு முன்பெல்லாம் மனிதகுலம் புத்தகங்களைத் திறந்து படித்து நேரத்தை வீணாக்கிக்கொண்டிருந்தது.

'பள்ளி மாணவர் அனைவருக்கும் கல்லூரிப் பாடங்களுக்கான அணுகல் உறுதி செய்யப்பட வேண்டும்' என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. கூடவே கல்லூரி வேதியியல் புத்தகம் ஒன்றும் வந்தது. மாணவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். சாதாரண ஆளாக இருந்தால் இன்னும் நானூற்றுப் பதினொரு புத்தகம் கேட்டு எழுதியிருப்பார். தலைமையாசிரியர் அகராதியை எடுத்துவரச் சொன்னார்.

"அணுகல்னா என்னன்னு யாராவது சொல்லுங்க" என்றார் ஆசிரியர் கூட்டத்தில்.

"படிக்க வாய்ப்பு குடுக்கிறதுதானே சார்" என்றார் வேதியியல் டீச்சர்.

"அது உங்க கருத்து. அகராதி என்ன சொல்லுது?"

தமிழாசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். "அணுகுதல்: கிட்டப் போதல், நெருங்குதல்."

"திறக்கிறதப் பத்தி ஏதாவது போட்டிருக்கா?"

"ஒரு எழுத்துகூட இல்லீங்க ஐயா."

அன்றே கண்ணாடி அலமாரி வந்தது. புத்தகம் உள்ளே போனது, பூட்டு விழுந்தது. கூட்டத்தில் சொந்தக் கருத்துச் சொன்ன ஒரே ஆள் என்பதால் வேதியியல் டீச்சரையே 'அணுகல் ஒருங்கிணைப்பாளர்' ஆக்கிச் சாவியை அவர் கையில் கொடுத்தார்கள். எவ்வளவு கிட்டப் போனால் அணுகல் என்பதில் இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் விளையாட்டு ஆசிரியர் நீளம் தாண்டும் இடத்திலிருந்து டேப்பைக் கொண்டுவந்து, அலமாரிக்கு மூன்றடி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டார்.

பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். கோட்டில் எட்டு விநாடி நின்றார்கள், அணுகல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரே வாரத்தில் நூறு சதவீதம்.

அடுத்த மாதம் 'அணுகலை மேலும் விரிவாக்குக' என்று இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. நூறுக்கு மேல் எங்கே போவது என்று எல்லோரும் கையைப் பிசைந்தபோது, விளையாட்டு ஆசிரியர் எழுந்துபோய்ப் பழைய கோட்டை அழித்துப் பத்தடியில் போட்டார். இப்போது ஒரே நேரத்தில் ஐம்பது பேர் அணுகலாம். வராந்தா ஜன்னலும் பத்தடிக்குள் வந்துவிட்டதால், தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் ஒரு நாளைக்கு மூன்று தடவை வேதியியலை அணுகினார்கள். விரிவாக்கம் என்றால் இதுவல்லவா விரிவாக்கம்.

இந்த மகத்தான ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பெண். ஓயாமல் சந்தேகம் கேட்பதால் 'சந்தேகம்' என்றே அவளைக் கூப்பிடுவார்கள்.

"டீச்சர், கல்லூரியில தேர்வு வைக்கிறாங்களாம். பாஸ் பண்ணா இப்பவே சனிக்கிழமை வகுப்புல உக்காரலாமாம். மனுவுல ஹெச்.எம். சார் கையெழுத்துப் போடணும், இந்த மாசம் நாலாவது வெள்ளிக்கிழமை கடைசி நாள். அந்தப் புத்தகத்த ஒரே ஒரு தடவ திறந்து காட்டுங்களேன்."

டீச்சருக்கு மனசு இளகிவிட்டது. தானும் ஒரு காலத்தில் அதே பாடத்தை ஆசை ஆசையாகப் படித்தவர்தான். "யார் கண்ணுலயும் படாம படிம்மா" என்று சாவியைக் கொடுத்தார். மதிய இடைவேளைகளில் பத்து நாள் படித்தாள். பதினோராம் நாள், கோடு மங்கிவிட்டதென்று சுண்ணாம்போடு வந்த விளையாட்டு ஆசிரியரிடம் மாட்டிக்கொண்டாள்.

விசாரணை தலைமையாசிரியர் அறையில் நடந்தது. குறிப்பெடுக்க, ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் வேதியியல் டீச்சரையே கூப்பிட்டிருந்தார்கள்.

"எத்தன பக்கம் படிச்ச?"

"நூத்தி நாப்பத்திமூணு சார்."

"புரிஞ்சுதா?"

"பாதி புரிஞ்சுது சார்."

"புரியவும் செஞ்சிருக்குன்னு எழுதிக்குங்க டீச்சர்" என்று தலைமையாசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சாவி யாரு குடுத்தா?"

அவள் தரையைப் பார்த்தாள். டீச்சர் நின்ற பக்கம்கூடத் திரும்பவில்லை. "சொல்ல மாட்டேன் சார்."

'நான்தான் சார்' என்ற இரண்டே சொல் டீச்சரின் நுனிநாக்கு வரை வந்தது. மேசைமேல் அந்தப் பெண்ணின் மனுவுக்கு அடியில், வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றல் கேட்டு டீச்சர் எழுதிய மனுவும் அதே பேனாவுக்காகக் காத்திருந்தது. இரண்டு சொல்லையும் விழுங்கினார். வெட்கமாகத்தான் இருந்தது.

"நேத்து வரைக்கும் நம்ம பள்ளியில ஏற்றத்தாழ்வுங்கிறதே கிடையாது டீச்சர். ஒருத்தருமே படிக்கல. இப்ப இவ ஒருத்தி படிச்சதால மிச்சம் நானூத்திப் பதினோரு பேரும் படிக்காதவங்களா ஆயிட்டாங்க."

"அவங்களுக்கும் நான் சொல்லித் தரேன் சார்" என்றாள் அந்தப் பெண்.

"பாத்தீங்களா, பரப்பவும் பாக்குறா."

'சமத்துவத்தின் நலன் கருதி' மனு கையெழுத்தில்லாமல் அவள் கைக்கே திரும்பியது. அடியில் இருந்த மனுவில் கையெழுத்து விழுந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வந்தார். மாநிலத்திலேயே சிறந்த அணுகலுக்கான விருதை மேடையில் கொடுத்தார். பிறகு ஏதோ தோன்றி, மேடையில் காட்சிக்கு வைத்திருந்த புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதுல அப்படி என்னதான் இருக்கு? யாராவது சொல்லுங்க பாப்போம்."

நானூற்றுப் பதினொரு பேரும் அமைதியாக இருந்தார்கள். தலைமையாசிரியர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார்.

"எல்லாருக்கும் சமமாவே தெரியாதுங்க ஐயா."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பதில் தெரிந்தவர்கள் அந்த வளாகத்தில் இரண்டே பேர். ஒருத்தியை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். இன்னொருவர் 'சிறந்த ஒருங்கிணைப்பாளர்' சான்றிதழைப் பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.