வலது காலுக்கு மட்டும் ஒரு லைனர்

வெளிநாட்டில் சொந்தக்காரர் உள்ள குடும்பங்களில், ஊரிலேயே தங்கிவிட்ட ஆள் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்கு விடுமுறை கிடையாது. ஓய்வூதியம் கிடையாது. ஏலாது என்று சொல்லும் உரிமை அறவே கிடையாது. வருகிறவர்களை விமான நிலையத்தில் போய் ஏற்றுவது, காணி உறுதிக்கு அலைவது, மணக்காமல் கருவாடு பொதி செய்வது, போகிறவர்களின் பெட்டி மேல் ஏறி இருந்து சிப்பை இழுப்பது, எல்லாம் அவர் தலையில்தான். எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான்.

மற்றபடி நான் திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற வீதியில், கயிறும் பெயின்டும் சங்கிலியும் விற்கிற ஒரு கடையில் வேலை செய்கிறேன். கடை வேலை எனக்குக் களைப்பே தருவதில்லை. சொந்தக்காரர்தான் களைப்பு.

இந்த உத்தியோகத்தில் என்னென்னவோ செய்திருக்கிறேன். ஆனால் மார்கழியிலும் மின்விசிறி போட்டுப் படுக்கிற ஊரில், பனிச்சறுக்குச் சப்பாத்துக்கு உள்சப்பாத்துத் தெரிவு செய்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அதுவும் பெண் பார்க்கப் போகிற நாளில்.

அப்போது எனக்கு முப்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தது. வந்த பேச்சுகள் எல்லாம் ஒவ்வொரு காரணத்தால் நழுவிப் போயின. ஒரு பகுதிக்குச் சாதகம் பொருந்தவில்லை. இன்னொரு பகுதி, "பொடியனுக்கு வெளிநாடு போற எண்ணம் இல்லையோ?" என்று கேட்டு, இல்லை என்றதும் தேத்தண்ணீரைக் குடித்து முடிக்காமலே எழும்பிப் போனது. கடைசியாக மூதூரில் இருந்து வதனியின் பேச்சு வந்தது. அவள் அங்கே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள், தகப்பன் வயல் செய்கிறார். படத்தைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. (பிடித்தது என்று வெளியே சொல்லவில்லை. சொன்னால் அதுவும் நழுவிப் போகும் என்று பயம்.) சுவிஸில் இருந்து அத்தான் வந்த பிறகு போகலாம் என்று அம்மா ஒருமுறை நாளைத் தள்ளிப்போட்டிருந்தாள். அப்போதே வதனியின் தகப்பன் தொலைபேசியில் மரியாதையாகச் சொல்லிவிட்டார்:

"தள்ளிப்போடுறது பரவாயில்லை. ஆனா இன்னொருக்காத் தள்ளினியளெண்டா, விருப்பமில்லை எண்டு நாங்கள் விளங்கிக்கொள்ளுவம்."

அத்தான் வந்தார். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அக்காவுக்கு லீவு கிடைக்காததால் என் கலியாணத்தைப் பேசி முடிக்கிற பொறுப்பை எடுத்துக்கொண்டு தனியாக வந்தார். பெட்டியைத் திறந்தார். சாக்லேட் வரும், மாத்திரை வரும் என்று அம்மா எட்டிப் பார்க்க, உள்ளே இருந்து வந்தது ஒரு சோடி சப்பாத்து. முழங்காலில் பாதி உயரம், கல்லுப் போன்ற பிளாஸ்டிக், முன்னால் வரிசையாக இரும்புக் கொளுக்கிகள்.

"இதென்ன, வெல்டிங் செய்யிறதுக்கோ?" என்றாள் அம்மா.

பிள்ளைகள் பனியில் சறுக்கப் பழகியதும் அத்தானுக்கும் ஆசை வந்துவிட்டதாம். யாரோ பாவித்த சப்பாத்தை வாங்கியிருக்கிறார். வெளிக் கோது நன்றாக இருக்கிறது. உள்ளே கழற்றக்கூடிய மெத்தைச் சப்பாத்து ஒன்று இருக்குமே, அதைத்தான் லைனர் என்கிறார்கள், அது நைந்து போய்விட்டது. கடைக்காரன் இரண்டு விதமான புது லைனர் கொடுத்து, போட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தா என்று சொல்லியிருக்கிறான். ஊருக்குப் போய் அவசரமில்லாமல் ஆறுதலாகப் பார்க்கலாம் என்று அத்தான் அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆறுதலாகப் பார்த்திருந்தால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் வந்த கையோடு கடலில் குளிக்கப் போன அத்தானின் பாதத்தைச் சிப்பி ஓடு வெட்டிவிட்டது. கட்டுப் போட்ட காலோடு வாசலுக்கு வந்தவர் அங்கே கிடந்த செருப்புகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் இருவரின் செருப்பும் எப்போதும் மாறிப் போகும். இருவருக்கும் ஒரே அளவுக் கால்.

"தம்பி, ஒரு சின்ன உதவி," என்றார்.

நான் "ஓம்" என்றேன். என்ன உதவி என்று கேட்டுவிட்டு ஓம் சொல்கிற பழக்கம் எனக்கு அந்தக் காலத்தில் இல்லை.

பெண் பார்க்கப் போவது பின்னேரம். காலமையே தொடங்கிவிட்டோம். முதலாவது லைனர் மெத்து மெத்தென்று இருந்தது. குந்து, எழும்பு, முன்னுக்குச் சாய் என்று அத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"குதிக்கால் எழும்புதோ?"

"எழும்புது."

"அப்ப இது சரிவராது. விரல் முட்டுதோ?"

"முட்டுது."

"முட்டோணும். ஆனா நோகக் கூடாது. நோகுதோ?"

"அத்தான், எனக்கு முதுகு நோகுது."

இரண்டாவது லைனர் சூடாக்கிப் போடுகிற வகை. நன்றாகச் சூடேற்றி, உடனே காலை விட்டுக் கொளுக்கிகளை இறுக்கிக்கொண்டு நின்றால் ஆறும்போது காலின் வடிவத்துக்கே படிந்துவிடுமாம். வீட்டில் சூடாக்குவதற்கும் வழி உண்டாம். காலுறைக்குள் அரிசியைப் போட்டுச் சூடாக்கி லைனருக்குள் திணிக்க வேண்டும். இணையத்தில் பார்த்தாராம்.

அத்தான் காலுறையோடு குசினிக்குள் போய் அரிசிப் பானையைத் திறந்ததுதான் தாமதம், அம்மா அகப்பையோடு குறுக்கே நின்றாள்.

"என்ன செய்யப் போறியள்?"

"கொஞ்ச அரிசி மாமி. சப்பாத்துக்குள்ள..."

"சப்பாத்துக்குள்ளயோ! சோத்தரிசியைச் சப்பாத்துக்குள்ளயோ! நல்ல காரியத்துக்குப் போற நாளில வாயால சொல்லுற கதையோ இது? சுவிஸில நீங்கள் செருப்புக்குள்ள சோறு போட்டுத் தின்னுங்கோ. இந்த வீட்டில நடவாது."

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் மருமகனைப் பேசிவிட்டோமே என்று அம்மாவுக்கு உடனே மனம் இளகிவிட்டது. மூதூருக்குக் கொண்டுபோகவென்று அவள் அப்போதுதான் கச்சான் கடலையை மணலில் வறுத்து அரித்து எடுத்திருந்தாள். வறுத்த மணல் தாச்சியில் கொதித்துக்கொண்டிருந்தது.

"மணலை வேணுமெண்டா எடுங்கோ," என்றாள்.

அத்தானின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "அரிசியை விட இது நல்லாச் சூடு பிடிக்கும் மாமி!" என்றார். பிடித்தது. முதலாவது காலுறை கருகிப் பொத்துக்கொண்டு குசினி நிலமெல்லாம் மணலாகியது. மிஞ்சின மணல் ஒரு காலுக்குத்தான் காணும். "பரவாயில்லை, வலது காலை மட்டும் பாப்பம். அது சரியெண்டா இடதும் சரிதானே," என்று அத்தான் சமாதானம் சொல்லி, இரண்டாவது காலுறையை நிரப்பி லைனருக்குள் திணித்தார். அதிலும் எங்கேயோ ஓட்டை. மணல் பொசிந்து கோதுக்குள்ளும் கொளுக்கிகளுக்குள்ளும் போய்க்கொண்டிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

லைனர் சூடேறியதும் அத்தான் மணல் காலுறையை வெளியே இழுத்தார். "இப்ப! கெதியா! காலை விடும்!"

விட்டேன். ஐயோ, அந்தச் சூடு! கத்தினேன். கத்த வேண்டாம், படிகிற நேரம் அசையக் கூடாது என்றார். சுண்டு விரலுக்குப் பக்கத்தில் என்னவோ குத்துகிறது என்றேன். லைனர் படிகிறது என்றார். ஒவ்வொரு கொளுக்கியாக இழுத்துப் பூட்டினார். மேல் கொளுக்கி ஏறவில்லை. கட்டுப் போட்ட காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு முழுப் பலத்தோடு இழுத்தார். கடைசிப் பல்லில் போய் விழுந்து பூட்டிக்கொண்டது. கைப்பிடி முறிந்து அத்தானின் கையோடு வந்தது.

மணல் இறுகிய கொளுக்கி. பிடித்து இழுக்கக் கைப்பிடி இல்லை. திருப்புளியால் கிண்டினோம். தேங்காய் எண்ணெய் விட்டோம். அம்மா என் தோளைப் பிடிக்க, அத்தான் சப்பாத்தைப் பிடித்து இழுக்க, நான் நடுவில் கொஞ்சம் நீண்டதுதான் மிச்சம். கடைக்குப் போனால் கொளுக்கிக் கம்பியை வெட்டிவிடலாம் என்றேன்.

"வெட்டுறதோ! பிறகு இந்தக் கொளுக்கிக்கு நான் எங்க போறது? சூடு ஆறினா தன்ரபாட்டில கழரும்," என்றார் அத்தான்.

ஆறவில்லை, கழரவுமில்லை. வெயில் ஏற ஏறக் கால் உள்ளே வீங்கிக்கொண்டு வந்தது. வான்காரன் வாசலில் ஹோர்ன் அடித்தான். போகாவிட்டால் விருப்பமில்லை என்று அர்த்தம். மற்றக் காலுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினேன். வலது பக்கம் உயர்ந்து, இடது பக்கம் தாழ்ந்து, கலியாண மாப்பிள்ளை கடலில் ஆடுகிற வள்ளம் போல நடந்து வந்ததைப் பார்த்து வான்காரன் ஹோர்னில் இருந்து கையை எடுக்க மறந்துபோனான். கிண்ணியாப் பாலத்தில் வைத்து அத்தான் மெல்லக் கேட்டார்:

"குதி எழும்புதோ தம்பி?"

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூதூரில் வதனி வீட்டு வாசலில் எல்லாரும் சிரித்த முகத்தோடு நின்றார்கள். படியடியில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அம்மா கழற்றினாள். அத்தான் கழற்றினார். நான் இடது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ தம்பி," என்றார் தகப்பன்.

"கழட்ட ஏலாது ஐயா," என்றேன்.

சாமிப் படம் மாட்டிய வீட்டுக்குள் சப்பாத்தோடு எப்படிப் போவது? அதனால் கதிரைகளை முற்றத்துக்கு எடுத்து வந்து வேப்பமரத்துக்குக் கீழே போட்டார்கள். பனிச்சறுக்கு, லைனர், கச்சான் மணல் என்று அத்தான் விளக்கம் சொன்னார். அவர் விளக்க விளக்க அவர்களின் முகம் மாறிக்கொண்டு வந்தது. வதனியின் பெரியம்மா, தாய்க்குப் பக்கத்தில் குனிந்து, முற்றம் முழுக்கக் கேட்கிற இரகசியக் குரலில் சொன்னார்:

"எனக்கெண்டா விளங்கேல்லை. மூதூரில எங்கயடி பனி? காலில என்னவோ குறை இருக்கு. மறைச்சுப்போட்டினம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு காலம் காத்திருந்து, பிடித்த ஒரு பெண்ணின் வாசல்வரை வந்து, என்னுடையதுமில்லாத ஒரு சப்பாத்தால் திரும்பிப் போகப் போகிறேன். தகப்பன் தொண்டையைச் செருமினார்.

"தம்பி குறை நினைக்கக் கூடாது. காலை ஒருக்காப் பாத்திட்டமெண்டா எல்லாருக்கும் நிம்மதி."

"காட்டத்தான் ஏலாமக் கிடக்கு ஐயா," என்றேன்.

அப்போதுதான் வதனி வெளியே வந்தாள். சேலை, பூ எல்லாம் முறைப்படிதான். தேத்தண்ணீர்த் தட்டைத்தான் காணவில்லை. கையில், வயலுக்கு முள்ளுக்கம்பி வேலி அடிக்கிற பெரிய குறடு.

"எந்தக் கொளுக்கி?" என்று கேட்டாள்.

காட்டினேன். அத்தான் கதிரையில் இருந்து பாய்ந்து எழும்பினார். "பொறுங்கோ பிள்ளை, பொறுங்கோ, அது சுவிஸ்..." என்று சொல்லி முடிக்க முதல் டக் என்று கம்பி அறுந்தது. தகப்பன் சப்பாத்தைப் பிடிக்க, நான் வேப்பமரத்தைக் கட்டிப்பிடிக்க, லைனருக்குள் இருந்து எண்ணெயும் மணலுமாகக் கால் வெளியே வந்தது. வெளிறித் தோல் சுருங்கி, தண்ணீரில் கிடந்த கால் மாதிரி. கூடவே ஒரு கச்சான் கோதோடு கீழே விழுந்தது. அம்மா அரித்தபோது தப்பின கச்சான். காலமையில் இருந்து என் சுண்டு விரலைக் குத்திக்கொண்டிருந்தது அதுதான்.

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார்.

"கால் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

முதலில் சிரித்தது வதனி. பிறகு தகப்பன். பிறகு அம்மா, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு. நான் சிரிக்கும் நிலையில் இல்லை. நொண்டி நொண்டிக் கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவினேன். இப்போது வீட்டுக்குள் வரலாம் என்றார்கள்.

அத்தான் மட்டும் முற்றத்தில் நின்று லைனருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"தம்பி, அருமையாப் படிஞ்சிருக்கு! வீட்டை போனதும் மற்றக் காலையும் ஒருக்காப் போட்டுப் பாப்பமே?"

என் வாய் பழக்கதோசத்தில் திறந்தது. ஓ என்று தொடங்கியும் விட்டது.

"ஏலாது," என்றாள் வதனி.

சத்தமாகக் கூடச் சொல்லவில்லை. வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிறவனுக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, குறட்டைக் கொண்டுபோய் வைக்கக் கொட்டிலுக்குப் போனாள். அத்தான் லைனரைக் கீழே வைத்தார். எனக்காக ஒருவர் ஏலாது சொல்லி நான் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த நிமிடத்தில் சாதகம், நல்ல நேரம், சம்மதம் எல்லாம் எனக்கு முடிந்துவிட்டது. தேத்தண்ணீர் வந்ததா, வதனி எதிரில் இருந்து என்ன கேட்டாள், ஒன்றும் நினைவில்லை. திரும்பி வரும்போது வானுக்குள், "எனக்கு ஓம் அம்மா," என்று மட்டும் சொன்னேன். அவர்களும் அடுத்த நாளே ஓம் சொல்லி அனுப்பினார்கள்.

அத்தான் மெத்தென்ற சோடியோடு சுவிஸுக்குப் போனார். சுண்டு விரலுக்குப் பக்கத்தில் கச்சான் அச்சுப் பதிந்த லைனரை எந்தக் கடைக்காரன் திருப்பி எடுப்பான்? அதுவும் அதன் இடது சோடியும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன. இடதை நாய் தின்றுவிட்டது. வலதுக்குள் வதனி சுடுதண்ணீர்ப் போத்தலை வைப்பாள். சூடு ஆறாமல் நிற்கிறது, அதை மறுக்க முடியாது. கலியாணம் முடிந்து, மகள் பிறந்து, அந்தப் பிள்ளையும் இப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள்.

போன கிழமை, கடையில் இருந்து வந்து களைத்துப்போய்க் கதிரையில் சாய்ந்திருந்தேன். தொலைபேசி அடித்தது. அத்தான்.

"தம்பி, ஒரு சின்ன உதவி..."

எனக்கு வாய் திறந்துவிட்டது. அதற்குள் குசினிக்குள் இருந்து வதனியின் குரலும், படிப்பு மேசையில் இருந்து மகளின் குரலும் ஒன்றாக வந்தன.

"எந்தக் காலுக்கெண்டு கேளுங்கோ!"

கேட்டேன்.

"சரி, நான் பிறகு கோல் எடுக்கிறன்," என்றார் அத்தான்.