எந்தக் கோயில் மொட்டை?

புரட்சி பண்ணக் கிளம்புகிறவர்கள், பக்கத்தில் மொட்டை போடுகிற கோயில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை. திருத்தணி எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆந்திரா எல்லையைத் தாண்டினால் திருப்பதி. அனுபவித்தேன்.

அப்போது கவரைப்பேட்டையில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் பெண்கள் எண்ணெய் வழிய ரெட்டை ஜடை பின்னி, அதை மடித்து ரிப்பன் கட்டிக்கொண்டு வர வேண்டும். அம்மாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் பேக்கிங் வேலை, முதல் ஷிஃப்ட். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். எனக்கு மடித்துக் கட்ட வராது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த நைனா (அப்பாவை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருநாள் பாவப்பட்டுக் கட்டிவிட்டார். அவருக்கு லோடிங்கில் வேலை. அது லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற முடிச்சு. சாயங்காலம் ரிப்பனைக் கத்தரித்துத்தான் எடுத்தோம்.

அதனால் ஒற்றை ஜடையோடு போவேன். பி.டி. மிஸ் கேட்டிலேயே பிடித்து, முதல் பீரியட் முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பார். முதல் பீரியட் கெமிஸ்ட்ரி. எனக்குப் பிடித்த ஒரே பாடம். ஜன்னல் வழியாகப் பாதி போர்டு தெரியும், மீதி ரியாக்‌ஷன் தூணுக்குப் பின்னால் நடக்கும்.

"மிஸ், ஜடையா கெமிஸ்ட்ரி படிக்குது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வாயப் பாரு! வந்தா ஒழுங்கா பின்னிட்டு வா, இல்லேன்னா முடியே இல்லாம வா."

(சொன்னது அவர். கவனிக்கவும்.)

மறுநாள் காலை நைனாவின் டிரிம்மரை எடுத்து நடு மண்டையில் ரோடு போடப் பார்த்தேன். நீள முடியை முதலில் கத்தரிக்க வேண்டும் என்கிற அறிவெல்லாம் புரட்சிக்காரிக்கு ஏது? மிஷின் சிக்கிக்கொண்டது. அலறினேன். அப்போதுதான் படுத்த நைனா எழுந்து வந்து பார்த்தார்.

"இன்னா பேஜாருடி இது? பாதில உட்டா கேவலமா இருக்கும். உக்காரு" என்று மீதியை அவரே முடித்தார்.

மிஸ் கத்துவார், பள்ளி அதிரும், நான் வசனம் பேசுவேன் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். மிஸ் என் தலையைப் பார்த்தார். அந்த முகம் அப்படிக் கனிந்து நான் பார்த்ததே இல்லை.

"அடடே, எந்தக் கோயில் மொட்டைம்மா? திருத்தணியா?"

"கோயில் இல்ல மிஸ். எதிர்ப்பு."

"சரி சரி, வேண்டுதலை வெளிய சொல்லக் கூடாதுதான்."

அதற்குள் ஆபீஸ் ஆயாம்மா ஓடிவந்து, சந்தனத்தைக் குழைத்து மண்டை முழுக்க அப்பிவிட்டார். டிரிம்மர் கீறிய இடமெல்லாம் எரிந்தது. ஹெச்.எம். பிரேயரில் என்னை மேடையேற்றி, "இந்த வயசுல எவ்வளவு பக்தி பாருங்க" என்றார். ஒரே கைதட்டல். மானம் போனது. விடுவேனா? மைக்கைப் பிடுங்கினேன்.

"இது வேண்டுதல் இல்ல! எங்கம்மா விடியறதுக்குள்ள வேலைக்குப் போறாங்க. எனக்கு ஜடை பின்ன ஆள் இல்ல. அதுக்கு கெமிஸ்ட்ரி கிளாஸ்ல வெளிய நிக்க வெக்கிறாங்க..."

கத்திக்கொண்டிருக்கும்போதே வெயிலில் சந்தனம் வேர்வையோடு வழிந்து இரண்டு கண்ணிலும் இறங்கியது. தாரை தாரையாகக் கண்ணீர். ஆயாம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பின்வரிசையில் யாரோ "அரோகரா!" என்றார்கள்.

ஹெச்.எம்.முக்கு மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது. "நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வந்து எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேக்கற. இல்லேன்னா டி.சி.தான்."

சாயங்காலம் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். (அவள் தலையில். என் தலையைத் தொடவே அவளுக்குப் பயம்.) "ஒரு மன்னிப்புதானடி, கேட்டுத் தொலையேன். டி.சி. குடுத்துட்டா என்ன மாதிரி பேக்கிங்ல நின்னுக்கினே சாவணும்."

"கேக்க மாட்டேன். நான் இன்னா தப்பு செஞ்சேன்?"

நைனா கம்பெனித் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். வேலைக்குப் போய்விட்டார்.

மறுநாள் கம்பெனித் தொப்பியோடு பள்ளிக்கு வந்தார். ஹெச்.எம். அறையில் நுழைந்ததும் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே பளபளவென்று மொட்டை!

ஹெச்.எம். திகைத்துப் போய், "உங்களுக்கு... எந்தக் கோயில்?" என்றார்.

"கோயிலு இல்ல மேடம். புள்ள ஒண்டியா நிக்குதேன்னு தோணுச்சு. மிஷின்ல சார்ஜும் இருந்துச்சு." தொப்பியால் மண்டையைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சேர்த்தார்: "எங்க பஸ்ல வர்ற ஆளுங்க ஊட்லயும் இதே பேஜாருதான். மிஷினக் குடு, மிஷினக் குடுன்னு கேட்டுக்கினு கீறாங்க."

ஹெச்.எம். ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடமே மொட்டையோடு பிரேயரில் நிற்பது அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். டி.சி. பேச்சு அதோடு நின்றது. மன்னிப்பும்தான். ஷிஃப்டுக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள் ஒற்றை ஜடையோடு வரலாம் என்று அடுத்த பிரேயரில் அறிவிப்பு வந்தபோது, பி.டி. மிஸ் கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் கெமிஸ்ட்ரி வகுப்பின் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். போர்டு முழுசாகத் தெரிந்தது.

இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி லேபில் கெமிஸ்டாக இருக்கிறேன். தலை இன்றும் கிராப்புதான், வாயும் அதே வாய்தான். போன வாரம் லேபில் பெண்களுக்கு மட்டும் டீ பிரேக்கை வெட்டினார்கள். மேனேஜரிடம் சண்டை போட்டுவிட்டு, வீட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே வந்தேன்.

அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "இன்னாடி, எந்தக் கோயிலு?"

நைனா எழுந்து போய் டிரிம்மரை சார்ஜில் போட்டார்.