கழுத்துப்பட்டைக்கு இன்னும் ஒரு மாசம்

குணமாகவே கூடாது என்று குமாஸ்தா முடிவு கட்டினார். பிசியோதெரபிப் பெண் 'சரியாயிடுச்சு, இனி வேண்டாம்' என்று கழற்றிவிட்ட கழுத்துப்பட்டையை, தெருவுக்கு வந்து மறுபடி மாட்டிக்கொண்டபோது எடுத்த முடிவு அது. ஓய்வு பெற்ற பிறகு அவர் சொந்தமாக எடுத்த முதல் முடிவும் அதுதான்.

ஓய்வுக்குப் பின் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். மனைவி முன்னறையில் தையல் மிஷினோடு குடித்தனம் நடத்தினாள். இவர் ஏதாவது பேச வாயெடுத்தால் மிஷின்தான் கடகடவென்று பதில் சொல்லும். பேச ஆளில்லாமல் மனுஷர் செல்போனுக்குள் தலையை விட்டார். காலையில் குனிந்த தலை இருட்டிய பிறகுதான் நிமிரும். ஒருநாள் நிமிரவே இல்லை. கழுத்தில் பிடித்த வலி தோள் வழியாக இறங்கி, விரல் வரை மரத்துப்போனது.

"எலும்புத் தேய்மானம் வயசுக்கு ஏத்த அளவுதான்" என்றார் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர். "குனிஞ்சே இருந்து தசை இறுகி, நரம்பு லேசா அழுந்தியிருக்கு. கொஞ்ச நாள் பட்டை போடுங்க. சாயங்காலம் ஒத்தடம். அப்புறம் பயிற்சி."

பக்கத்து வீட்டுக்காரர் விடவில்லை.

"தேய்மானமா? இத்தனை வருஷம் வீட்ல தலையாட்டினதுல வந்திருக்கும் சார்."

"இப்ப ஆட்ட முடியாது சார். ஆமான்னு வாயைத் திறந்து சொல்லவேண்டியிருக்கு."

கல்யாணத்துக்குப் பிறகு அவர் தலை நிமிர்ந்து நடந்தது அந்தப் பட்டையின் புண்ணியத்தில்தான். ஆனால் அவருக்கு ருசி கண்டுபோனது ஒத்தடத்தில். சாயங்காலமானால் மிஷின் நிற்கும். அவள் வெந்நீர்ப் பையோடு வந்து பின்னால் உட்காருவாள். எந்த டீச்சருக்கு இடுப்பு பெருத்துவிட்டது, எந்தக் கல்யாணப்பெண் அளவு கொடுக்கும்போது அழுதாள் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அந்த வீட்டில் ஒரு குரல் அவருக்காகப் பேசி எத்தனை காலமாயிற்று! வலி போனால் இதுவும் போய்விடும். அந்தப் பயம்தான், அன்று வீடு திரும்பியதும் மனைவியிடம் அவரைப் பொய் சொல்ல வைத்தது.

"என்னங்க சொன்னாங்க?"

"இன்னும் ஒரு மாசம் பட்டை போடணுமாம்."

"ஒரு மாசமா!"

"ஒத்தடம் ரொம்ப முக்கியமாம். விட்டா திரும்ப வந்துடுமாம்."

"அதுக்கென்ன, குடுத்துட்டாப் போச்சு."

கொடுத்தாள். அவரும் நடுநடுவே உருக்கமாக முனகி வைத்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் அவள் வெந்நீர்ப் பைக்குப் பதிலாக ஒரு துணி மூட்டையோடு வந்தாள்.

"ஒத்தடம்?"

"அந்த பிசியோதெரபிப் பொண்ணு வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தா. வாங்கிக்க வந்தா."

குமாஸ்தாவுக்குக் குப்பென்று வேர்த்தது. ஊரில் பாதிப் பெண்கள் தன் மனைவியிடம்தான் தைக்கிறார்கள் என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

"எ... என்ன சொன்னா?"

"சாருக்கு எப்பவோ சரியாயிடுச்சு, சும்மா பட்டை போட்டுக்கிட்டே இருந்தா தசை சோம்பேறியாயிடும்னா."

"இன்னைக்கா சொன்னா?"

"அளவு கொடுக்க வந்தப்பவே சொல்லிட்டா. நீங்க பொய் சொன்னதுக்கு மறுநாள்."

"தெரிஞ்சுமா இத்தனை நாள் ஒத்தடம் கொடுத்தே?"

"நாள் பூரா அந்த மிஷின்கிட்டயா பேச முடியும்? எனக்கு மட்டும் பேச்சுத்துணை வேண்டாமா?"

முன்னறையில் அவளும் தன்னைப் போலவே தனியாகத்தான் இருந்திருக்கிறாள் என்பது குமாஸ்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"இனிமே தினமும் இப்படியே பக்கத்துல உக்காந்து பேசலாம்மா."

"பேசத்தானே போறோம்! பள்ளிக்கூடச் சட்டை ஆர்டர் பிடிச்சிருக்கேன். நான் தைக்கத் தைக்க நீங்க பட்டன் வைங்க."

அவர் அவசரமாகக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். "ஐயையோ, குனியக் கூடாதே! மறுபடி வலி வந்துட்டா?"

"அதையும் அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுட்டேன். சட்டையைக் கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுத் தைச்சா, கழுத்துக்கு அதுவே நல்ல பயிற்சியாம்."