நடுக்கரம்பை எல்லைக்கு நாங்கள் போன வரலாறு

உலகத்தில் பார்க்கத் தகுந்த எல்லைகள் இரண்டுதான். ஒன்று, கொரியாவை வடக்கு தெற்காகப் பிரிப்பது. மற்றது, பெரம்பலூர் மாவட்டத்தையும் அரியலூர் மாவட்டத்தையும் பிரிப்பது. முதலாவதைப் பற்றி ஆளாளுக்கு வீடியோ போட்டுவிட்டார்கள். இரண்டாவதை உலகுக்கு அறிமுகப்படுத்திய பெருமை 'பெரம்பலூர் உலகப் பயணிகள் சங்க'த்தைச் சேரும். அதன் செயலாளர் என்ற முறையில் இந்த வரலாற்றை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

எங்கள் சங்கத்தைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். உறுப்பினர்கள் எல்லோரிடமும் பாஸ்போர்ட் இருக்கிறது. எல்லோரும் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் பலமுறை போயிருக்கிறோம். சிங்கப்பூர் போகும் மச்சானையும் துபாய் போகும் மகனையும் கண்ணாடிக் கதவு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, வழியில் டிபன் சாப்பிட்டுத் திரும்பிய அனுபவத்தில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கதவுக்கு அந்தப் பக்கம் போனவர்தான் இன்னும் யாரும் இல்லை.

சங்கத் தலைவர் ராசாங்கம். ரோடு கண்ட்ராக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அதற்குக் கீழே வெள்ளை ஷூ. அவர் ஒருநாள் செல்போனில் கொரியப் பயண வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு அவசரக் கூட்டம் கூட்டினார். அங்கே காலையில் தலைநகரைச் சுற்றிப் பார்க்கிறார்களாம், மத்தியானம் எல்லைக்குப் போய்ப் பயந்துவிட்டு, சாயங்காலம் ஓட்டலுக்குத் திரும்பிவிடுகிறார்களாம்.

"நம்மகிட்ட தலைநகரம் இல்லையா, எல்லை இல்லையா?" என்று கேட்டார். "விசா வேணாம், ஒண்ணும் வேணாம். பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்கு வந்துரலாம்."

தலைநகரம் என்றால் கங்கைகொண்ட சோழபுரம். சோழர்களே அங்கிருந்து ஆண்டிருக்கும்போது எங்களுக்கு என்ன குறை? எல்லைக்கும் பஞ்சமில்லை. பெரம்பலூரும் அரியலூரும் ஒருமுறை பிரிந்து, மறுபடி ஒட்டி, மறுபடியும் பிரிந்தவை. கொரியாவுக்கு இந்த அனுபவமெல்லாம் கிடையாது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மணிவேலின் வேனில் புறப்பட்டோம். மணிவேல்தான் வேனுக்குச் சொந்தக்காரர், டிரைவரும் அவரே. அன்றைக்குக் கூடுதல் பொறுப்பாக 'சர்வதேச வழிகாட்டி'. கையில் மஞ்சள் கொடி பிடித்திருந்தார். அது கம்பில் கட்டிய கல்யாண வீட்டுத் துணிப்பை. அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் நெடுநேரம் ஊர்ந்துவிட்டு, ஜெயங்கொண்டம் தாண்டித் தலைநகரில் இறங்கியபோது எங்கள் அனைவருடைய தலைமுடியும் ஒரே நிறமாக இருந்தது. சங்கத்தில் வயது வித்தியாசமே ஒழிந்துவிட்டது.

தலைநகரம் பிரமாதம். கோயில் இருக்கிறது, பெரிய நந்தி இருக்கிறது, ஒழுங்காக வெட்டிய புல்தரை இருக்கிறது. அரண்மனை இருந்த இடத்தில் செங்கல் அடித்தளம் இருக்கிறது. அரசாங்கம் மட்டும் இல்லை. அது கிளம்பிப் போய்ப் பல நூற்றாண்டு ஆகிறது. ஒரு தலைநகரம் இவ்வளவு சுத்தமாகவும் அமைதியாகவும் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று கண்டுகொண்டேன். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஜெயசித்ரா கட்டி வந்திருந்த புளிசோற்றைப் புல்தரையில் உட்கார்ந்து காலி செய்தோம். தலைவர் மட்டும் கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அவர் கண்ணில் ஒரு தொழில்காரரின் வேதனை தெரிந்தது.

"ஆயிரம் வருசம் நிக்கிற மாதிரி கட்டியிருக்கான். அப்பறம் ரிப்பேர் வேலை எப்படி வரும்?" என்றார். "தொழில் தெரியாத ஆளு."

பிறகு எல்லையை நோக்கிப் புறப்பட்டோம். செந்துறைப் பக்கமாக ஒரு குறுக்கு வழி இருக்கிறதென்றும், அங்கே எல்லை 'அசல்' எல்லையாக இருக்குமென்றும் மணிவேல் சொன்னார். புளிசோற்றின் வேகத்தில் தலைவர் தூங்கிவிட்டார். மற்றவர்களுக்கு மணிவேல் விதிமுறைகளை எடுத்துச் சொன்னார். எதிர்ப்பக்கத்தை விரலால் சுட்டக் கூடாது. உரக்கச் சிரிக்கக் கூடாது. அந்தப் பக்கத்து ஆள் யாராவது கூப்பிட்டால் போகக் கூடாது. அந்தப் பக்கம் நம்ம பெரம்பலூர் ஜில்லாதானே, நம்ம வீடே அங்கேதானே இருக்கிறது என்று ஜெயசித்ரா கேட்டார். மணிவேல் கொஞ்சம் யோசித்துவிட்டு, வீடு இருப்பது வேறு, எல்லைச் சட்டம் வேறு என்றார். எங்களுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. அதற்காகத்தானே வந்திருந்தோம்.

வேன் நின்ற இடத்தில் தார் ரோடு வெட்டி எடுத்தது போல முடிந்திருந்தது. 'சாலைப் பணி முழுமையாக முடிவுற்றது' என்று ஒரு போர்டு நின்றது. போர்டுக்கு அப்பால் கூப்பிடு தூரத்துக்குக் கரிசல் மண், முந்தின நாள் மழையில் ஊறிக் களியாகக் கிடந்தது. அதைத் தாண்டினால் மறுபடி தார் ரோடு, அதன் தொடக்கத்தில் அதே மாதிரி இன்னொரு போர்டு, அதற்குப் பின்னால் பெரம்பலூர் மாவட்டத்து நடுக்கரம்பை கிராமம். இரண்டு ரோட்டுக்கும் நடுவே இருந்ததுதான் 'ராணுவமற்ற பகுதி' என்று மணிவேல் கிசுகிசுத்தார்.

அதைவிட மெய்சிலிர்க்க வைத்தது அங்கே நடந்துகொண்டிருந்த அணிவகுப்பு. எங்களுக்கு முன்னால் இரண்டு வேன்கள் நின்றன. பட்டு வேட்டியும் பட்டுச் சேலையுமாக ஒரு கூட்டம் தாம்பூலத் தட்டுகளை ஏந்தியபடி தார் ரோட்டின் விளிம்பில் வரிசையாக நின்றது. அந்தப் பக்க விளிம்பிலும் அதேபோல ஒரு வரிசை, பன்னீர்ச் சொம்பும் சந்தனக் கிண்ணமுமாக. இரு தரப்பும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் ஓரடி முன்னே வைக்கவில்லை. நடுவில் ஒரு கொக்கு மட்டும் நின்றிருந்தது. நாங்கள் உணர்ச்சிவசப்பட்டுக் கைதட்டினோம். ஜெயசித்ரா வீடியோ எடுத்தார். நான் ஒரு 'ஜே' போட்டேன். எந்த மாவட்டத்துக்கு என்று தெரியாததால் பொதுவாகப் போட்டேன்.

முன்வரிசையில் நின்ற பாலசுந்தரம் என்பவர் திரும்பி எங்களை எரித்துவிடுவது போலப் பார்த்தார். அவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். அவர் சொன்ன பிறகுதான் அது அணிவகுப்பு இல்லை, நிச்சயதார்த்தம் என்று தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் வீட்டார் எல்லைக்கு வந்து பன்னீர் தெளித்து அழைக்க வேண்டும். அழைக்காமல் இவர்கள் ஊருக்குள் கால் வைக்க மாட்டார்கள். பெண் வீட்டாரோ எல்லையில்தான் நிற்கிறோம், எங்கள் எல்லை இந்தப் போர்டோடு சரி, நடுவில் இருக்கிற சேறு அரியலூரைச் சேர்ந்தது என்கிறார்கள். இவர்கள் அது பெரம்பலூரைச் சேர்ந்தது என்கிறார்கள். ஒரு துண்டு நிலத்தை 'உன்னுடையது, உன்னுடையது' என்று இரு தரப்பும் பெருந்தன்மையோடு தள்ளிவிடும் ஒரே எல்லை உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும். பட்டு வேட்டி கட்டியிருப்பவனுக்குச் சேறு எப்போதும் அடுத்தவன் சொத்து.

நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் தட்டு மாற்றாவிட்டால் இந்தச் சம்பந்தமே வேண்டாமென்று திரும்பிவிடுவதாகப் பாலசுந்தரம் சொன்னார். பட்டு உடுத்திக்கொண்டு கத்துவது மரியாதை இல்லை என்பதால், இரு தரப்புக்கும் இடையே பேச்சுவார்த்தை செல்போன் வழியாக ஸ்பீக்கரில் நடந்துகொண்டிருந்தது. மறுமுனையில் பெண்ணின் தாயார் சாந்தா.

"இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு சம்பந்தமும் இந்தச் சேத்தப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருச்சுங்க" என்றது போன். "சுகன்யா நல்ல பொண்ணுங்க. ரோடு இல்லாததுக்கு எம்பொண்ணு என்னங்க பண்ணுவா?"

அந்த நேரம் பார்த்துத் தலைவர் விழித்து, வேனை விட்டு இறங்கினார். போர்டைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். அவர் முகம் வேட்டியைவிட வெளுத்தது. இந்த எல்லை வேண்டாம், வேறு எல்லை பார்க்கலாம், வண்டியை எடு என்று மணிவேலிடம் மெல்லச் சொன்னார். சமாதானம் விரும்பும் உள்ளம், சண்டை பொறுக்கவில்லை என்று எண்ணிய நான், அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய், இவர்தான் நடுநிலைப் பார்வையாளர் குழுவின் தலைவர், மாண்புமிகு ராசாங்கம் என்று போனுக்கும் கேட்கும்படி அறிமுகப்படுத்தினேன்.

போன் உடனே பிடித்துக்கொண்டது.

"யாரு, ரோடு போட்ட ராசாங்கமா? அவர அங்கயே இருக்கச் சொல்லுங்க" என்றார் சாந்தா. "இந்தப் பக்கம் ரோட்டுக்குப் பூசை போட்டப்ப எங்க வூட்டுக் கேசரியத்தான் சாப்புட்டாரு. அந்தப் பக்கத்துப் பூசைக்கும் அவருதான் தேங்கா ஒடைச்சாரு. ரெண்டு போர்டும் அவரு வெச்சதுதான்."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கம் தந்தார். அந்தப் பக்கத்து ஆபீஸில் இந்தத் துண்டு இந்தப் பக்கம் என்றார்களாம், இந்தப் பக்கத்து ஆபீஸில் அந்தப் பக்கம் என்றார்களாம். இரண்டு ஆபீஸ் சொல்லையும் அவர் மதித்தாராம். கட்டுப்பாடு என்றால் அதுதான்.

"சரிங்க" என்றார் சாந்தா. "முழுசா முடிஞ்சிருச்சுன்னு போர்டுல போட்டிருக்காரு. அவரே அதுல நடந்து வரட்டும். வந்து சேந்துட்டாருன்னா அது ரோடுதான்னு ஒத்துக்கிட்டு, நான் அங்க வந்து பன்னீர் தெளிக்கிறேன்."

பாலசுந்தரம் இதை நியாயம் என்றார். தலைவர் தயங்கினார். அவருக்கு ஊக்கம் தருவது செயலாளரின் கடமை என்பதால் நான் பலமாகக் கைதட்டினேன், சங்கமே சேர்ந்து தட்டியது. கைதட்டு வாங்கிய பிறகு எந்தத் தலைவராலும் பின்வாங்க முடியாது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் எல்லைக்குள் நுழைந்தார். நாலைந்து அடியிலேயே வலது ஷூ மண்ணோடு தங்கிவிட்டது. அதற்கு அப்புறம் இடது ஷூ. அவர் அதையும் பொருட்படுத்தாமல் முன்னேறி, நட்டநடுவில் தொடை வரை இறங்கிப்போனார். அங்கே ஒரு பள்ளம் இருந்திருக்கிறது. இரண்டு பக்கத்து ரோட்டோரத்துக்கும் மண் எடுக்க அவரே தோண்ட வைத்த பள்ளம். கொக்கு பறந்துபோனது. தலைவர் கையை நீட்டி, யாராவது வந்து தூக்கிவிடுங்கள் என்று கேட்டார்.

"தூக்கலாங்க" என்றார் பாலசுந்தரம். "ஆனா நீங்க நிக்கிறது எங்க எல்லை இல்லீங்களே. அந்தப் பக்கத்துக்காரங்கதான் வரணும்."

"அது அரியலூருங்க, எங்களுக்கு அதிகாரம் இல்லீங்க" என்றது போன்.

இத்தனை வருடம் இரண்டு ஆபீஸ் வாசலிலும் நின்று கேட்ட பதிலை அவர்கள் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்கள். தலைவர் இன்னும் கொஞ்சம் இறங்கினார். நீங்களே சொல்லிவிடுங்கள், நீங்கள் நிற்பது எந்த ஜில்லா என்று பாலசுந்தரம் கேட்டார்.

"ரெண்டும்தாய்யா" என்று தலைவர் அலறினார். "ரெண்டு பில்லுலயும் இந்த எடத்தையும் சேத்துத்தான் போட்டேன். தூக்கி விடுங்கய்யா."

ரோடு போடும்போது யாருக்குமே சொந்தமில்லாத மண், பில் போடும்போது இரண்டு மாவட்டத்துக்கும் சொந்தமாகிவிட்ட அதிசயத்தை எல்லோரும் உள்வாங்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் சாந்தாதான் சேலையைச் சொருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். இரண்டு மாவட்டத்துக்கும் சொந்தம் என்றால் யாரும் யார் எல்லையையும் தாண்டவில்லை, யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. பாலசுந்தரமும் பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டினார். இரு தரப்பும் பள்ளத்தருகே சந்தித்து, பன்னீர் தெளித்து, சந்தனம் பூசி, ராகு காலம் பிறப்பதற்குள் தலைவரின் தலைக்கு மேலேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பக்க ரோட்டு விளிம்பில் நின்ற சுகன்யா அழுகையும் சிரிப்புமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் தலைவரைத் தூக்கினார்கள். அவரும் எல்லைக்கு வந்த விருந்தாளிதானே என்று சாந்தா அவர்மேலும் ஒரு கை பன்னீர் தெளித்தார். ஷூ வரவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் தலைவருக்கு நானே பாராட்டுத் தீர்மானம் கொண்டுவந்தேன். அதை இங்கே அப்படியே தருகிறேன்: 'மற்ற நாடுகளில் ஓர் எல்லையை யாரும் தாண்டாமல் பார்த்துக்கொள்ள முள்வேலி வேண்டியிருக்கிறது, கண்ணிவெடி வேண்டியிருக்கிறது, ராத்திரி பகலாக ஒரு பட்டாளமே வேண்டியிருக்கிறது. நம் இரண்டு மாவட்டங்களுக்கும் ஒரே ஒரு கண்ட்ராக்டர் போதுமாக இருந்திருக்கிறார்.'