மீனம்பாக்கத்து எண்ணெயும் எங்கள் தெருக் கைநாட்டும்

பிள்ளைப்பாக்கம்,
22.2.91

சவுதி தம்மாமில் வெல்டர் வேலை பார்க்கும் என் தம்பி கோபாலுக்கு, அக்கா சின்னப்பொண்ணு மூன்றாங்கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் உன் பெண்டாட்டி சரோஜாவும் சுகம். நீ சுகமா என்று தினமும் ரேடியோவைக் கேட்கிறோம். ரேடியோக்காரன் குண்டு விழுந்த இடத்தையெல்லாம் சொல்கிறான், உன் பேரை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான். சொல்லாதவரைக்கும் நல்லதுதான் என்று சொல்லிச் சொல்லித்தான் சரோஜாவுக்குச் சோறு ஊட்டுகிறேன்.

விஷயம் என்னவென்றால், போன மாதக் கடைசியில் சரோஜா டீக்கடைப் பேப்பரைப் படித்துவிட்டு ஓடிவந்தாள். ஈராக்கோடு சண்டைக்குப் போகிற அமெரிக்கா விமானம் நம் மீனம்பாக்கத்தில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போகிறதாம். பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம்! நம் ஊர் எண்ணெயை ஊற்றிக்கொண்டு போய் என் தம்பி படுத்திருக்கிற பக்கமே சண்டையை வளர்ப்பானா என்று எனக்கு உச்சி கொதித்தது. எண்ணெய் நின்றால் சண்டை ஓயும், சண்டை ஓய்ந்தால் நீ வருவாய், இதற்குமேல் எனக்குத் தெரியாது. டெல்லிக்கு மனு போடப் போகிறேன் என்றேன். உன் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டெல்லியில கீறவன் உன்னைக் கேட்டுகினா ஏரோப்ளேனுக்கு எண்ணெ ஊத்தறான்?"

"ஓட்டுக்கு மட்டும் என்னைக் கேட்டுகினு வூட்டாண்ட ரெண்டு தபா வந்தானே, அப்போ சிரிச்சியா நீ?" என்றேன். மனுஷன் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சரோஜா எழுதினாள், நான் மை டப்பாவோடு கிளம்பினேன். முதல் வீடு அப்பாவு வீடு. உனக்குத்தான் தெரியுமே, கம்பெனி வரப்போகுது கம்பெனி வரப்போகுது என்று நிலம் பிடிக்கப் புரோக்கர்கள் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து நம் ஊரில் எல்லாரும் தாளைக் கண்டால் கட்டை விரலை மடக்கிக்கொள்கிறார்கள். அப்பாவு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்னா பேப்பர் அது? நான் விரலை வெச்சா நாளைக்கு என் கழனியில கம்பி வேலி நிக்கும்" என்றார். முழுசாகப் படித்துக் காட்டினேன். "எல்லாப் பேப்பரும் படிக்கிறப்போ நல்லாத்தான் கீது" என்றார். சரி என்று, 'இதில் கைநாட்டு வைத்தவர் யாரும் நிலம் விற்கவில்லை' என்று மேலே ஒரு வரி சேர்த்தோம். அது போதாதாம், சர்வே நம்பர் போட வேண்டுமாம். அவருக்குப் போட்டோம், அப்புறம் ஊரே விடுமா? இப்படியாக, அமெரிக்காவுக்கு எண்ணெய் கொடுக்காதே என்ற மனுவில் நாலு வரி விமானம், ஆறு பக்கம் கழனி. நிலமே இல்லாத கிளியம்மாள், "என் ரெண்டு ஆட்டையும் எழுதிக்கோடி, அதையும் விக்கல" என்றாள். எழுதினோம்.

நான் கூட்டிப் பெருக்குகிற ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி கேட்டிலும் ஷிப்ட் விடும் நேரம் பார்த்து நின்றேன். சூப்பர்வைசர் வந்து, "ஏம்மா, அமெரிக்காக்காரன் கோச்சிகினா நாளைக்கு நமக்கு ஆர்டர் வருமா? இதெல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க பாக்கற வேலை" என்றார். "படிச்சவங்க தம்பி யாரும் அங்க வெல்டிங் வெக்கலியே சார்" என்றேன். லைனில் நின்ற பசங்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாக அவரும் போட்டார், இங்கிலீஷில்.

ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். ஒரு வாரம் ஆகவில்லை, ரேடியோவில் சொல்லிவிட்டான்: எண்ணெய் நிறுத்தம்! அப்பாவு தெருத்தெருவாகக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நடக்கிறார். உன் மாமா மட்டும், "நாடு பூரா கத்துச்சு, பெரிய பெரிய கட்சிக்காரன் கத்தினான், அதனால நிறுத்தினான், உன் ஆட்டுக் கணக்கைப் பார்த்தா நிறுத்தினான்?" என்கிறார். நாடு பூரா என்றால் அதில் பிள்ளைப்பாக்கம் இல்லையா? கட்சிக்காரன் கத்துவதே நாளைக்கு நம் வாசலுக்கு வரணுமே என்ற பயத்தில்தானே?

ஆகவே தம்பி, இனி சண்டை ஓய்ந்துவிடும், மூட்டை கட்ட ஆரம்பி. சரோஜா கேட்டது தைலமும் இல்லை, சேலையும் இல்லை, உன்னைத்தான். நம் குலசாமி உன் தலைக்குமேல் கூரைத் தகரமாக நின்று காக்கட்டும். ஈரத் தலையோடு படுக்காதே.

உன் அக்கா,
சின்னப்பொண்ணு

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தார். எழுதி இருபது நாள் ஆகியிருக்கிறது. 'மேலே ஈராக் ராக்கெட் வருது அக்கா. அமெரிக்காக்காரன் இங்க இல்லன்னா எங்க கேம்ப்பே இருக்காது. நம்ம மீனம்பாக்கத்துல அவனுக்கு எண்ணெ குடுக்கறாங்கன்னு கேட்டு எல்லாரும் கை தட்டினோம்' என்று எழுதியிருக்கிறாய். அடப்பாவி, இதை முன்னாலேயே எழுதக்கூடாதா? சரோஜா வெள்ளைத் தாள் வாங்கக் கடைக்கு ஓடியிருக்கிறாள். எண்ணெயைத் திரும்ப ஊற்றச் சொல்லி நாளைக்கு மறுபடியும் முதல் வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ எந்தப் பக்கம்தான் என்று ஊர் கேட்கும். கேட்கட்டும், என் தம்பி பக்கம் என்று சொல்கிறேன்.