பாசி எடுப்பவர் மகள் பாசி வளர்க்கிறாள்

அன்புள்ள அறிவுச்செல்வன் மாமாவுக்கு,

நன்னிலத்திலிருந்து பூவிழி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, கறவை மாடு எல்லோரும் நலம். திருப்பூரில் அத்தையும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். போனில் பேசினால் என் குரல் எனக்கே கேட்பதில்லை, அதனால்தான் கடிதம்.

தஞ்சாவூரில் நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்ததே வெட்கத்தால்தான் மாமா. நேர்முகத் தேர்வில் ஷோபனா மேடம், "பாசியப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டார். படித்ததெல்லாம் மறந்துபோய், "எங்க வயல்ல நெறைய இருக்கு மேடம்" என்றேன். அவர் சிரித்துவிட்டு என்னைக் கடற்பாசி வளர்ப்பு ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார். வேறு தலைப்பு கேட்க எனக்கு வாய் வரவில்லை. டீக்கடையில் அப்பாவிடம், "ஒம் பொண்ணு என்னய்யா படிக்குது?" என்று கேட்டிருக்கிறார்கள். "பாசி." "எடுக்கவா?" "வளக்க." அன்றிலிருந்து அப்பா அந்தக் கடைக்குப் போவதில்லை. நடவு முடிந்ததும் வயலில் படரும் பாசியோடு ஆயுசு பூராவும் மல்லுக்கட்டியவர் அவர். தண்ணீர் பாயும் வாய்மடையில் நீல நிற மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து போட்டு அதைக் கொன்றவர். அவர் மகள் அதை வளர்க்கிறாள் என்றால் எப்படி?

இந்த லட்சணத்தில், லீவுக்கு வரும்போது ஒரு தொட்டி கடற்பாசியை உப்புத் தண்ணீரோடு கொண்டுவந்து கொல்லையில் நிழலில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, என் வழக்கப்படி. மறுநாள் போய்ப் பார்த்தால் தண்ணீர் நீலமாக இருந்தது. அப்பா பெருமையாகச் சொன்னார்: "தொட்டி பாசி புடிச்சுக் கெடந்துச்சும்மா. மயில்துத்தம் போட்டு சுத்தம் பண்ணிட்டேன்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லதுப்பா."

மேடத்துக்குத் தெரிந்ததும், "இனிமே வீட்டுல வேணாம். அடுத்த வாரம் மண்டபம் கடக்கரைக்குப் போயி ஆறு மாசம் கடல்லயே வளக்கணும். போகலன்னா வேற ஆளப் போட்டுருவேன்" என்றார். அப்பாவோ, "நெல்லு வெளையுற ஊர்லேந்து பாசி வளக்க அம்புட்டுத் தூரம் போவணுமா?" என்கிறார். மச்சான் நீங்கள் சொன்னால்தான் கேட்பார். பாசி என்ற சொல்லை மட்டும் எடுக்காதீர்கள் மாமா, கடல் விவசாயம் என்று சொல்லுங்கள். இது போய்விட்டால் எனக்கு வேறு படிப்பு இல்லை.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் ஆசி எனக்கு வேண்டும், அதைவிட உங்கள் போன் வேண்டும்.

இப்படிக்கு,
பூவிழி

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் அப்பா வந்தார். "தொட்டி ஓரத்துல உப்பு பூத்துருக்கே. வேணும்னுதான் போட்டு வச்சிருந்தியா? அப்ப அது பயிராம்மா?" என்றார். தலையாட்டினேன். "பயிருக்குல்ல மருந்து வச்சுட்டேன்... போயி நட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு, பையை அவரே பரணிலிருந்து இறக்கினார். ஆகவே மாமா, மேலே எழுதியது எதுவும் வேண்டாம். மண்டபத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நட வேண்டுமாம். நான் கடலில் இறங்கியது ஒரே தடவை, வேளாங்கண்ணியில், முழங்கால் வரை, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. உடனே போன் செய்து, என்னை அனுப்ப வேண்டாம் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.