நண்டாகிப்போன ஜீப்

“வண்டி நேராத்தான் போவுது. அதோட பின்பக்கம் மட்டும் பக்கத்துத் தெருவுக்குப் போவுதே!”

காலடிப்பேட்டைத் தெருமுனையில் நின்றுகொண்டு மனைவி ஐரீன் இப்படிச் சொன்னதும், சிலுவைமுத்து ஜீப்பை நிறுத்தி இறங்கினார். பையிலிருந்து டேப்பை எடுத்தார். வலது பின் டயர் பாடியை விட்டு ஒன்றேகால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இடது டயர் அதே அளவுக்கு உள்ளே போயிருந்தது. தேதி, நேரம், அளவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

துறைமுகத்தில் கன்டெய்னர்களை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க் அவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், கறுப்பு ஷூ. இருபத்தாறு வருஷமாக எதையும் எழுதாமல் நம்பியதில்லை. எழுதிய பிறகும் அவ்வளவாக நம்பியதில்லை.

போன மழையில் தெருவில் தொடையளவு தண்ணீர். நர்ஸ் ஐரீனால் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. மெமோ வந்தது. இன்னொரு மெமோ வந்தால் ஹெட் நர்ஸ் பதவி வேறொருத்திக்குப் போய்விடும். அதனால்தான் ஜீப்பை மூன்று அங்குலம் உயர்த்தச் சொல்லி, சாவியோ என்ற மச்சான் மூலமாக ராயபுரம் ரஷீது ஷெட்டுக்கு அனுப்பியிருந்தார். ஜீப் உயர்ந்தது. கூடவே நண்டாகவும் ஆகிவிட்டது.

“இதுல நான் ஏற மாட்டேன். மழை வர்றதுக்குள்ள நேராக்குங்க,” என்றாள் ஐரீன்.

மறுநாள் வேலை முடிந்த கையோடு ரஷீது ஷெட்டுக்குப் போனார். ரஷீதை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“இத உயர்த்தினது யாரு? எந்தத் தேதி? எத்தனை அங்குலம்?”

ரஷீது அவரை ஷூவிலிருந்து நோட்டு வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

“ஒசத்துனதா? தண்ணி அடிச்சிக் கயுவி வுட்டோம் சார். அவ்ளோதான்.”

“கழுவினா மூணு அங்குலம் உயருமா?”

“அயுக்கு போனா எடை கொறையும்ல சார். ஸ்பிரிங்கு எயுந்துக்கும்.”

கேட்காமலே டீ வந்தது, பன் வந்தது. கடைசியில் ரஷீது கையெடுத்துக் கும்பிட்டார். சிலுவைமுத்து எழுதினார்: ‘கும்பிடுகிறான். ஒரிஜினல் பாகம் எதையோ கழற்றி விற்றுவிட்டான்.’

அடுத்து திருவொற்றியூர் தங்கப்பாண்டி. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்த உடனேயே அவர் முகம் மலர்ந்தது.

“சப்ப மேட்டரு நைனா! பாடியையும் அச்சையும் குறுக்கால புட்ச்சிகினு கீது பாரு ஒரு ராடு? பாடி மேல ஏறிச்சின்னா அது அச்ச ஒரு பக்கமா இஸ்துக்கும். ராட கொஞ்சம் நீளமா மாத்திட்டா...”

சிலுவைமுத்து பேனா மூடியைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்து தங்கப்பாண்டியின் போன் அடித்தது. “சொல்லு ரஷீது பாய்,” என்றவர், கேட்கக் கேட்கச் சுருங்கிப்போனார்.

“ம், சொல்லுங்க. மாத்திட்டா?”

“மாத்திட்டா இன்னா ஆவும்னு எனக்கு இன்னா சார் தெரியும்? நான் பஞ்சர் ஒட்றவன்.”

ஐந்து நிமிஷத்தில் நைனா எப்படி சார் ஆனது? சிலுவைமுத்து அதையும் குறித்துக்கொண்டார். “நீங்க கை வெச்சே ஆகணும்,” என்று பிடிவாதமாக நின்றார். தங்கப்பாண்டி அடியில் படுத்து எதையோ தளர்த்தி, எதையோ முறுக்கி, இன்ஜினிலிருந்து வரும் தண்டு சேருகிற அச்சின் மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டார். கூலி வேண்டவே வேண்டாம் என்றார். கூலி வாங்காத மெக்கானிக்கை எப்படி நம்புவது?

வீட்டுக்குத் திரும்பும்போது, வண்டி நாற்பதைத் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் மாவு மிஷின் ஓட ஆரம்பித்தது.

எண்ணூர் சாலமனிடம் அவர் சுற்றி வளைக்கவில்லை. “அந்தக் குறுக்கு ராட நீளமாப் போடுங்க.”

“எந்த ராடு சார்?”

“இதோ, இது.”

“ஓ... இதுக்குப் பேரு ராடா!” என்றார் முப்பது வருஷ மெக்கானிக் சாலமன்.

போட்டார். முன்பு இருந்ததைவிடக் குட்டையாகப் போட்டார். ஒன்றேகால் அங்குலம் இரண்டரை ஆனது. சைக்கிளில் வந்த ஒருவர் டயருக்கு ஒதுங்கப் போய்ச் சாக்கடையில் இறங்கினார்.

“மூணு பேரும் ஒரே கூட்டம்,” என்றார் சிலுவைமுத்து ஐரீனிடம். “போன்ல பேசி வெச்சுக்கறானுங்க. வண்டிய ஓட்ட முடியாம ஆக்கி அடிமாட்டு விலைக்கு அமுக்கப் பாக்கறானுங்க.”

“இதையா? சும்மா குடுத்தாலும் மீன் மார்க்கெட்லதான் எடுப்பாங்க. நாளைக்கு மழையாம். எனக்குக் காலைல ஆறு மணி டூட்டி. இன்னிக்குள்ள இது நேராகலன்னா, ஹெட் நர்ஸ மறந்துட வேண்டியதுதான்.”

சாயங்காலமே சாத்தாங்காட்டுக்குப் பறந்தார். இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் வரிசையாகப் பத்து ஷெட். ஜீப் பக்கவாட்டில் முனை திரும்பியதும் முதல் ஷட்டர் இறங்கியது. அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையாக இறங்கின. பத்தாவது ஷட்டருக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஒரு செருப்பை உள்ளேயிருந்து ஒரு கை அவசரமாக இழுத்துக்கொண்டது.

முதல் தூறல் விழுந்தது. திறந்திருந்தது எதிரே கெங்கம்மாவின் டீக்கடை மட்டும்தான். சிலுவைமுத்து அங்கே போய் ஒதுங்கினார்.

“ஏம்மா, ஒரு ராட ஒழுங்கா மாத்தத் தெரிஞ்சவன் இந்த ஊர்ல ஒருத்தன்கூடவா இல்ல?”

கெங்கம்மா டீயை ஆற்றியபடியே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“தெரியாதவன் எவன் சார் கீறான்? ஒயுங்கா செஞ்சா, ‘பர்மிஷன் இல்லாம ஜீப்ப ஒசத்துறவன் இவன்தான்’னு நோட்ல எயுதிகினு பூடுவ... ரெய்டுக்கு வந்த ஆர்டிஓ ஆபீசருகிட்ட எவன் சார் வேல தெரியும்னு காட்டிக்குவான்?”